குப்பை அறைக்குள் இறங்கிய பேராசிரியர்



முழுப் பரீட்சை முடிந்ததும் உங்கள் பழைய நோட்டுப் புத்தகங்களை என்ன செய்கிறீர்கள்? எடைக்குப் போட்டு, கிடைக்கும் காசில் ஐஸ் வாங்கித் தின்பவர்கள்தானே நீங்கள்! பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்த எனக்கு இது தெரியாதா?

ஆனால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் ஒரு குழந்தை எழுத்துப் படித்த ஏடு இன்றும் பத்திரமாக இருக்கிறது. அந்த ஏட்டை யாரும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஓர் இருட்டு அறையில் லட்சக்கணக்கான கிழிந்த காகிதங்களோடு காகிதமாக அது கிடந்தது. அந்த அறைக்குள் ஏணி வைத்து இறங்கி, வாரக் கணக்கில் தூசியைச் சுவாசித்து, அவற்றை வெளியே கொண்டு வந்தவர் சாலமன் ஷெக்டர். அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ருமேனியா நாட்டில் போக்ஷானி என்ற சிற்றூரில் 1847-ஆம் ஆண்டு ஷெக்டர் பிறந்தார். ஒருவர் அல்ல, இருவராகப் பிறந்தார்! ஆமாம், இரட்டைக் குழந்தைகளில் ஒருவர் அவர். உடன் பிறந்தவர் பெயர் இஸ்ரேல். யூதர்கள் தங்கள் மத முறைப்படி அறுத்த இறைச்சியைத்தான் உண்பார்கள். அப்படி ஆட்டையும் கோழியையும் அறுத்துக் கொடுப்பதுதான் ஷெக்டரின் தந்தையார் செய்த தொழில். ஷெக்டர் என்ற குடும்பப் பெயருக்கும் அதுதான் பொருள். வசதி இல்லாத வீடுதான். ஆனால் படிப்புக்கு மட்டும் அந்த வீட்டில் குறைவில்லை. மூன்று வயதிலேயே சிறுவன் சாலமன் எபிரேய எழுத்துகளைப் படிக்கத் தொடங்கிவிட்டான் என்பார்கள்.

எபிரேயம் யூதர்களின் பழைய மொழி. நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம். எபிரேயத்தை வலமிருந்து இடமாக எழுத வேண்டும். அக்காலத்தில் யூதக் குழந்தைகள் படிப்பைத் தொடங்கும் நாளில், எழுத்துப் பலகையின் மீது தேனைத் தடவி நக்கச் சொல்லும் வழக்கம் சில ஊர்களில் இருந்தது. படிப்பு இனிக்க வேண்டும் என்பதற்காக! ஷெக்டருக்கு அந்த இனிப்பு ஆயுள் முழுவதும் நாக்கிலேயே தங்கிவிட்டது போலும். பத்து வயதிலேயே வேறு ஊருக்குப் படிக்கப் போனார். பிறகு, இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரம். அதன்பின் வியன்னா. அதன்பின் பெர்லின். ஆசிரியர்களைத் தேடி ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தார்.

பெர்லினில் படித்துக்கொண்டிருந்தபோது, கிளாட் மாண்டிஃபியோரி என்ற செல்வந்தரான இளைஞர் தமக்குப் பாடம் சொல்லித் தரும்படி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். 1882-இல் ஷெக்டர் லண்டன் போய்ச் சேர்ந்தார். முப்பது வயதுக்கு மேல்தான் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். 1887-இல் மெத்தில்டா ராத் என்ற பெண்மணியை மணந்தார். கணவர் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலையும் அந்த அம்மையாருக்கு வந்து சேர்ந்தது!

1890-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூத நூல்களைக் கற்பிக்கும் ஆசிரியரானார் ஷெக்டர். செந்நிறத் தாடி, கலைந்த தலைமுடி, அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல், தீராத ஞாபக மறதி! கேம்பிரிட்ஜ் நகரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கடினமான பழைய நூல்களை ஆராய்ந்த அவர், குழந்தைகளையும் மறக்கவில்லை. யூத இலக்கியத்தில் குழந்தைகளைப் பற்றி என்னென்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடி, ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

அதே கேம்பிரிட்ஜ் நகரில் இன்னும் ஓர் இரட்டையர் வசித்தனர். ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற சகோதரிகள். ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். இருவரும் கணவரை இழந்தவர்கள். அரபு, சிரியாக் முதலிய மொழிகளைத் தாமாகவே முயன்று கற்றார்கள். பாலைவனத்தில் ஒட்டகத்தில் ஏறிப் போய், சினாய் மலை மடாலயத்தில் பழைய விவிலிய ஏடு ஒன்றை 1892-இல் கண்டுபிடித்தார்கள். இத்தனைக்கும் அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டமே கொடுப்பதில்லை!

1896-ஆம் ஆண்டு இந்தச் சகோதரிகள் எகிப்து, பாலஸ்தீனப் பகுதிகளில் பயணம் செய்துவிட்டு, சில பழைய ஏடுகளை விலைக்கு வாங்கி வந்தனர். எபிரேயத்தில் இருந்த சிலவற்றை அவர்களால் இன்னதென்று கண்டுகொள்ள முடியவில்லை. தெருவில் ஷெக்டரைப் பார்த்ததும், வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார் லூயிஸ் அம்மையார்.

மே மாதம் 13-ஆம் தேதி. சகோதரிகளின் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் ஏடுகள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த ஷெக்டரின் கை ஓர் ஏட்டில் நின்றது. அழுக்கேறி, ஓரம் கிழிந்த ஒற்றை ஏடு. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கண்கள் மின்னின. அதை நூலகத்துக்கு எடுத்துப் போய் ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கேட்டு, வாங்கிக்கொண்டு விரைந்தார். சிறிது நேரத்திலேயே சகோதரிகளுக்கு ஒரு தந்தி வந்தது. அதே ஊருக்குள்ளேயே தந்தி! அவருடைய பரபரப்பு அப்படி.

அது என்ன ஏடு தெரியுமா?

கி.மு. 180 வாக்கில் எருசலேம் நகரில் பென் சீரா என்ற அறிஞர் இருந்தார். அவரும் நம்மைப் போல் வாத்தியார்தான். நல்ல நண்பனைத் தேர்ந்தெடுப்பது எப்படி, விருந்தில் எப்படிச் சாப்பிட வேண்டும், மருத்துவரை ஏன் மதிக்க வேண்டும் என்பது போன்ற அறிவுரைகளை எபிரேய மொழியில் ஒரு நூலாக எழுதினார். அவருடைய பேரன் எகிப்துக்குக் குடிபெயர்ந்தபோது அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். பேரன் செய்த மொழிபெயர்ப்பு உலகமெங்கும் பரவியது. தாத்தா எழுதிய மூல நூலோ காணாமல் போய்விட்டது! பல நூற்றாண்டுகளாக அதைக் கண்ணால் கண்டவர் இல்லை. அந்த எபிரேய நூலின் ஓர் ஏடுதான் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது.

செய்தி வெளியானது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் தங்கள் நூலகத்துக்கு வந்திருந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தனர். அதே கையெழுத்துப் பிரதியின் 9 ஏடுகள் அங்கே இருந்தன! அப்படியானால் இவையெல்லாம் வருகிற ஊற்று எங்கே இருக்கிறது? கெய்ரோ நகரில் இருக்கிறது என்று ஷெக்டர் ஊகித்தார்.

பழைய கெய்ரோவின் புஸ்தாத் பகுதியில் பென் எஸ்ரா என்ற ஜெப ஆலயம் உள்ளது. ஜெப ஆலயம் என்பது யூதர்கள் வழிபடும் இடம். யூதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடவுளின் பெயர் எழுதிய ஏடு எவ்வளவு கிழிந்து போனாலும் அதை எரிக்கமாட்டார்கள், குப்பையில் எறியமாட்டார்கள். தனியாக ஓர் இடத்தில் சேர்த்து வைப்பார்கள். பிறகு, இறந்தவர்களைப் புதைப்பது போல மரியாதையோடு கல்லறையில் புதைப்பார்கள். அப்படிச் சேர்த்து வைக்கும் இடத்துக்குக் கெனிசா என்று பெயர்.

புஸ்தாத் மக்கள் இதில் இரண்டு படி மேலே போய்விட்டனர். கடவுள் பெயர் இருக்கிறதோ இல்லையோ, எபிரேய எழுத்தில் எழுதியது எதுவானாலும் கெனிசாவில் போட்டனர். வேதமும் அங்கேதான். கடைக் கணக்கும் அங்கேதான். போட்டதை எடுத்துப் புதைக்கவும் இல்லை. போட்டுக்கொண்டே இருந்தனர், சுமார் ஆயிரம் ஆண்டுகள்! எகிப்தில் மழை மிகக் குறைவு அல்லவா? அதனால் காகிதம் மக்கிப் போகாமல் கிடந்தது. அந்த அறையைப் பாம்பு காவல் காக்கிறது என்றெல்லாம் கதை இருந்தது.

ஷெக்டரின் நண்பர் சார்லஸ் டெய்லர். கணித மேதை. கேம்பிரிட்ஜின் புனித ஜான் கல்லூரித் தலைவர். எபிரேயமும் அறிந்தவர். பயணச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். போட்டிக்கு யாரும் வந்துவிடக் கூடாதே என்று, அதிகம் வெளியே சொல்லாமல் 1896 டிசம்பரில் ஷெக்டர் கப்பல் ஏறினார். லண்டன் தலைமை ரபி எழுதிக் கொடுத்த அறிமுகக் கடிதம் கையில் இருந்தது. ரபி என்றால் யூத மத குரு.

கெய்ரோவின் தலைமை ரபியிடம் போனவுடனே காரியத்தைக் கேட்டுவிடவில்லை ஷெக்டர். பல நாள் பழகினார், பேசினார், அவருடைய அன்பைப் பெற்றார். ஒரு நாள் ரபியே அவரை ஜெப ஆலயத்துக்கு அழைத்துப் போனார். மாடியில் பெண்கள் அமரும் பகுதியின் கோடியில், சுவரில் உயரத்தில் ஒரு பொந்து. ஏணி வைத்து ஏறி எட்டிப் பார்த்தார் ஷெக்டர். உள்ளே ஜன்னல் இல்லை. கதவு இல்லை. காகிதக் குவியல் மட்டுமே! வேண்டியதை எடுத்துக்கொள்ள ரபி அனுமதி கொடுத்தார். ஷெக்டருக்கு எல்லாமே வேண்டியிருந்தது!

மறுநாளே உள்ளே இறங்கினார். அசைத்தால் போதும், நூற்றாண்டுத் தூசி புகையாய் எழும்பும். மூக்கிலும் வாயிலும் தொண்டையிலும் அடைத்துக்கொள்ளும். ஆலயப் பணியாளர்கள் உதவிக்கு வந்தனர். ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் இனாம் கேட்டனர். ஒன்றும் செய்யாதவர்களும் இனாம் கேட்டனர்! இது அவருக்குத் தூசியைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது.

குவியலில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பேய், பிசாசு என்று ஒன்றும் கிடையாது என்று வாதிடும் நூலின் ஏடு, பேயை ஓட்டும் தாயத்துக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம்! கைக்குக் கிடைத்த அச்சு நூல்களை ஒதுக்கி, கையால் எழுதியவற்றை மட்டும் கோணிப் பைகளில் நிரப்பினார். இந்த வேலை ஏறத்தாழ நான்கு வாரம் நடந்தது. இரட்டைச் சகோதரிகளும் கெய்ரோவுக்கு வந்து உதவினர். பின்னர் ஷெக்டர் பாலஸ்தீனம் சென்று, அங்கே குடியேறியிருந்த தம் இரட்டைச் சகோதரர் இஸ்ரேலையும் பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார்.

ஓர் ஊரின் ஏடுகளை இன்னொரு நாட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகலாமா என்று உங்களில் சிலருக்குக் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். எகிப்து அப்போது ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஷெக்டர் திருடவில்லை; உரியவர்களிடம் கேட்டுத்தான் எடுத்தார். அவர் வருவதற்கு முன்பே அந்த ஏடுகள் ஒவ்வொன்றாக வியாபாரிகள் கைக்குப் போய், பல நாடுகளுக்குச் சிதறத் தொடங்கிவிட்டன என்பதும் உண்மை.

மூட்டைகள் மரப்பெட்டிகளில் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தன. 1898-இல் டெய்லரும் ஷெக்டரும் அவற்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கே நன்கொடையாக அளித்துவிட்டனர். ஏறத்தாழ 1,93,000 துண்டுகள்! நூலகத்தில் ஒரு பெரிய அறை முழுவதும் பெட்டிகள். நடுவே ஷெக்டர். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கையில் பூதக்கண்ணாடியோடு, காலை முதல் மாலை வரை துண்டுகளைப் பிரித்து அடுக்கினார். பெட்டிகளுக்கு நடுவே அவர் தலையில் கை வைத்து அமர்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று புகழ் பெற்றது. அந்தத் தூசி அவர் உடம்பைப் பெரிதும் பாதித்தது. அதன் பிறகு அவர் பழைய ஆரோக்கியத்துக்குத் திரும்பவே இல்லை.

அந்தத் துண்டுகளில் என்னென்ன இருந்தன? வேதப் பகுதிகள், பிரார்த்தனைகள், கவிதைகள். கூடவே திருமணப் பத்திரங்கள், மருந்துச் சீட்டுகள், கடன் கணக்குகள், பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஆசிரியர் எழுதிய கடிதங்கள்! (பயப்படாதீர்கள், அந்தப் பிள்ளைகள் தப்பித்து எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.)

நம் இந்தியாவும் அந்தக் குப்பைக்குள் இருந்தது. மைமோனிடிஸ் என்ற பெரிய யூத அறிஞரும் மருத்துவரும் 12-ஆம் நூற்றாண்டில் புஸ்தாத்தில் வாழ்ந்தார். அவருடைய தம்பி டேவிட், வியாபாரி. இந்தியாவுக்குக் கப்பல் ஏறுமுன் செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். பிறகு இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். துயரத்தில் அண்ணன் ஓராண்டு காலம் படுத்த படுக்கையாகிவிட்டார். தம்பியின் அந்தக் கடிதம் கெனிசாவில் கிடைத்தது. அதே நூற்றாண்டில் துனீசியாவிலிருந்து வந்து மங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வியாபாரியின் கடிதங்களும் கிடைத்துள்ளன. மிளகும் பாக்கும் ஏற்றுமதி செய்த அவருக்கு, ஏடன் நகரத்து நண்பர்கள் எழுதுவதற்குக் காகிதம் அனுப்பி வைத்தார்களாம்.

அப்புறம், தொடக்கத்தில் சொன்னேனே, அந்தக் குழந்தையின் ஏடு! எபிரேய எழுத்துகளைப் பெரிதாகக் கோடு மட்டும் போட்டு, உள்ளே வண்ணம் தீட்டும்படி எழுதியிருக்கிறார்கள். இன்று பாலர் வகுப்பில் செய்கிறோமே, அதேதான்! எழுத்துப் பாடத்தோடு ஏழு கிளை உள்ள யூத விளக்கின் படமும் அதில் இருக்கிறது. வெறும் எழுத்தை மட்டும் காட்டினால் குழந்தை தூங்கிவிடும் என்று அந்தக் காலத்து வாத்தியாருக்கும் தெரிந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது.

பென் சீரா நூலின் மேலும் பல ஏடுகளை அந்தக் குவியலிலிருந்தே எடுத்து, 1899-இல் டெய்லருடன் சேர்ந்து ஷெக்டர் நூலாக வெளியிட்டார். பாராட்டு மட்டுமா வந்தது? எதிர்ப்பும் வந்தது. இது பென் சீராவின் மூல நூலே அல்ல, மொழிபெயர்ப்புகளைப் பார்த்துப் பிற்காலத்தில் யாரோ எபிரேயத்துக்குத் திருப்பி எழுதியது என்று ஆக்ஸ்போர்டு பேராசிரியர் மார்கோலியத் மறுத்தார். பெரிய அறிஞர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர்.

கேம்பிரிட்ஜில் ஷெக்டருக்குக் கிடைத்த சம்பளம் குறைவு. தம் குழந்தைகள் யூதர்கள் நிறைந்த ஊரில் வளர வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. 1902-இல் நியூயார்க் சென்று, யூத இறையியல் கல்லூரியின் தலைவரானார். அங்கும் முதல் கவலை நூலகம்தான்! அவர் காலத்தில் அந்த நூலகம் வேகமாக வளர்ந்தது. 1966-இல் அதில் பெரும் தீ விபத்து ஏற்பட்டு ஏறத்தாழ 70,000 நூல்கள் எரிந்துபோயின. நனைந்துபோன மற்ற நூல்களைக் காப்பாற்ற மாணவர்களும் பொதுமக்களும் திரண்டு வந்து, பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு வைத்து உலர்த்தினார்கள். பழமையான கையெழுத்துப் பிரதிகள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின.

அது ஷெக்டர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. 1915-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி நியூயார்க்கில் அவர் காலமானார். பென் சீரா வழக்குக்கு அப்போதும் தீர்ப்பு வரவில்லை.

கேம்பிரிட்ஜில் அவர் பிரித்து முடிக்காத பெட்டிகள் அப்படியே கிடந்தன. மிச்சமிருப்பது பயனற்றது என்று முடிவு கட்டி, மேல் தளத்தில் ஏற்றி வைத்துவிட்டார்கள். 1955-இல் கோயிட்டின் என்ற ஆய்வாளர் அவற்றைத் திறந்து பார்த்தார். குப்பையிலும் குப்பை என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பெட்டிகளுக்குள்ளும் ஆயிரமாயிரம் கடிதங்கள்! அரசர்களைப் பற்றி அல்ல; சாதாரணக் குடும்பங்களைப் பற்றி, சந்தை விலைகளைப் பற்றி, கப்பல் பயணங்களைப் பற்றி. கோயிட்டின் தம் வாழ்நாளின் மிச்சத்தை அவற்றைப் படிப்பதிலேயே செலவிட்டார்.

1964-ஆம் ஆண்டு. சாக்கடல் ஓரத்தில் மசாடா என்ற பழைய மலைக் கோட்டையைத் தொல்லியல் அறிஞர்கள் தோண்டிக்கொண்டிருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியப் படையால் வீழ்ந்த கோட்டை அது. மண்ணுக்குள்ளிருந்து நைந்துபோன ஒரு தோல் சுருள் வெளியே வந்தது. விரித்துப் படித்தார்கள். எபிரேய மொழியில் பென் சீரா! இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. பிற்காலத்தில் திருப்பி எழுத வாய்ப்பே இல்லாதது. அதைக் கெனிசாவில் கிடைத்த நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். எழுதும்போது நேர்ந்த சிறு சிறு வேறுபாடுகள் இருந்தன. மற்றபடி இரண்டும் ஒரே நூல்தான் என்பது தெளிவாயிற்று. ஷெக்டர் சொன்னது சரி!

சாப்பாட்டு மேஜையிலிருந்து அவர் கையில் எடுத்த அந்தக் கிழிந்த ஏடு இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கெனிசா ஏடுகளைப் படம் பிடித்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். எழுத்துப் படித்த குழந்தையின் ஏட்டையும் அங்கே பார்க்கலாம். வலப்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்!